மகளின் ஷாட் எப்போதும் வலப்பக்கமே விலகுகிறது: காற்றா, கைப்பழக்கமா?

தோவாளை அப்பா:
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓராண்டாகப் பள்ளி அணியில் கூடைப்பந்து விளையாடுகிறாள். ஓட்டத்திலும் பந்தைத் தட்டிச் செல்வதிலும் குறையில்லை. ஆனால் யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவுக்காக அந்தக் கோட்டில் நின்று எறிந்தால் பத்துக்கு இரண்டோ மூன்றோதான் கூடையில் விழுகின்றன. தவறுபவற்றில் பாதி ரிங்கின் வலது விளிம்பில் பட்டுத் தெறிக்கின்றன. மீதி ரிங்கை எட்டாமலேயே விழுந்துவிடுகின்றன. எங்கள் வீடு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகில் இருப்பதால், ஆனி, ஆடி மாதங்களில் மைதானத்தில் நிலையாக நிற்பதே பெரும்பாடு. ஆகவே இதுவரை காற்றைத்தான் குறை சொல்லி வந்தோம். அவளுடைய மாமா விட்டுச்சென்ற பழைய பந்தை வைத்து மாலைதோறும் ஐம்பது முறை எறிகிறாள். அதை நூறாக்கினால் சரியாகுமா? தோற்றுவிட்டு வரும் நாளில் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்கிறாள். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மார்த்தாண்டம் பயிற்சியாளர்:
ஐயா, எண்ணிக்கையை இப்போது கூட்ட வேண்டாம். இருக்கிற அசைவோடு கூட்டினால் அந்த அசைவுதான் கையில் ஊறிப்போகும். முதலில் காற்றையும் கையையும் பிரித்துப் பாருங்கள். மைதானத்தின் இரு முனைகளிலும் உள்ள ரிங்குகளில் இருபது இருபது முறை எறியச் சொல்லுங்கள். காற்று ஒரே திசையில் அடிக்கும்போது, ஒரு முனையில் பந்தை வலப்பக்கம் தள்ளினால் மறுமுனையில் இடப்பக்கம் தள்ளியாக வேண்டும். இரண்டிலும் வலப்பக்கமே போனால் காற்றின் மீது பழியில்லை.

வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளிடம் நான் அடிக்கடி காண்பது இடக்கைக் கட்டைவிரலின் வேலை. இடக்கை பந்தைப் பக்கவாட்டில் தாங்கினால் போதும். அதற்குப் பதிலாக, பந்து கையை விட்டுப் பிரியும் நொடியில் அந்தக் கட்டைவிரல் பந்தை வலப்பக்கம் தள்ளிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பந்தின் நீளக் கோடு ஒன்று கிடைமட்டமாக இருக்கும்படி பிடித்து எறியச் சொல்லி, அவளுக்குப் பின்னால் நின்று மொபைலில் ஸ்லோ மோஷனில் படமெடுங்கள். அந்தக் கோடு அலையாமல் நேராகப் பின்னோக்கிச் சுழன்றால் கை சுத்தம். தள்ளாடிச் சாய்ந்து சுழன்றால், அந்த நொடியில் இடக்கையைப் பாருங்கள். உள்ளங்கை ரிங்கை நோக்கித் திரும்பியிருக்கும். அது பக்கவாட்டிலேயே, விரல்கள் வானத்தைப் பார்த்தபடி நின்றிருக்க வேண்டும்.

பந்தில் என்ன எண் போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தோவாளை அப்பா:
இன்று இரண்டு முனைகளிலும் எறிந்து பார்த்தோம். இரண்டிலும் வலப்பக்கமே போகிறது. படத்தில் நீங்கள் சொன்னபடியே உள்ளங்கை ரிங்கை நோக்கித் திரும்பியிருக்கிறது. பந்தில் 7 என்று போட்டிருக்கிறது.

நாகர்கோவில் பழைய ஆட்டக்காரி:
அண்ணா, அந்த 7-ஐப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது வயது வந்த ஆண்களுக்கான பந்து. 600 கிராம் அளவில் எடை இருக்கும். பெண்கள் ஆடுவது எண் 6. அது சுற்றளவிலும் சிறியது, எடையும் 540 கிராம் அளவில்தான். எங்கள் பள்ளியில் ஆண், பெண் எல்லோருக்குமாக ஒரே எண் 7 பந்துதான் இருந்தது. அதை ஒற்றைக் கையால் ரிங்குக்கு அனுப்பும் பலம் பதின்மூன்று வயதில் எனக்கு இல்லை. ஆகவே பந்தை வலது இடுப்பருகே இறக்கி, முழங்கையை வெளியே விரித்து, இரண்டு கைகளாலும் தள்ளினேன். பிறகு எண் 6 பந்து கைக்கு வந்தபோதும் அந்த அசைவு போகவில்லை. அதை மறக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. உங்கள் மகளின் கட்டைவிரலைத் தவறு என்று திட்டிவிடாதீர்கள். பாரம் தாங்காத வலக்கைக்கு அது உதவிக்கு வந்திருக்கிறது. பந்து ரிங்கை எட்டாததற்கும் இதே பாரம்தான் காரணமாக இருக்கும்.

2019-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் எலினா டெல் டோன் ஃப்ரீ த்ரோக்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் போட்டார். அவர் கையில் இருந்ததும் எண் 6 பந்துதான். முதலில் பந்தை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தக்கலை இயற்பியல் ஆசிரியர்:
ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ.; எண் 6 பந்தின் விட்டம் சுமார் 23 செ.மீ. பந்து தட்டையாக வந்தால், அதன் பார்வையில் ரிங் ஒடுங்கிய நீள்வட்டமாகிவிடும். கிடைமட்டத்திலிருந்து 31 பாகைக்கும் குறைந்த சாய்வில் இறங்கும் பந்து விளிம்பைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. 45 பாகையில் இறங்கினால் அதற்குச் சுமார் 32 செ.மீ. இடைவெளி கிடைக்கும். பந்து உயரமாக வளைந்து போனால்தான் அந்தச் சாய்வு கிடைக்கும்; கை சோர்ந்தால் முதலில் குறைவது இந்த உயரம்தான். எனவே முழங்கால்களை மடக்கி, அந்த விசை கை வழியாக மேலே ஏறும்படி எறியப் பழக்குங்கள்.

மார்த்தாண்டம் பயிற்சியாளர்:
அக்கா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பந்தைப் பற்றிய கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எண் 6 பந்து வந்ததும், ரிங்குக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, வலக்கையால் மட்டும் நாளுக்கு முப்பது முறை எறியட்டும். பந்து விரல்களின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். உள்ளங்கையின் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். முழங்கை பந்துக்கு நேர்க்கீழே இருக்கட்டும். எறிந்த பின் மணிக்கட்டு தொங்கியபடி, பந்து ரிங்கைத் தொடும்வரை கை மேலேயே நிற்கட்டும். எங்கள் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது, "மக்களே, கையைக் கீழே போடாதே" என்பதுதான்.

முப்பதில் இருபத்தைந்து விழுந்த பிறகு இடக்கையைத் தொட்டும் தொடாமலும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஓர் அடி பின்னால் போகலாம். ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து ரிங்கின் நடுப்பகுதி 4.2 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே போக இரண்டு மாதங்கள் ஆனாலும் ஆகட்டும். போட்டி நாட்களில் பழைய அசைவு தலைகாட்டும். அந்த மாலையில் மறுபடி ஒரு மீட்டரிலிருந்து தொடங்குங்கள்.

தோவாளை அப்பா:
மிக்க நன்றி. இன்று மாலை நாகர்கோவிலுக்குப் போய் எண் 6 பந்து வாங்கி வந்தோம். வீட்டு முற்றத்தில் ரிங் இல்லாததால், சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஒற்றைக் கையால் எறிந்து பார்க்கிறாள். பந்தின் கோடு நேராகச் சுழல்வதைக் காட்ட, இத்துடன் நான்கு முறை என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.