டிசர்டேஷனுக்காக ஜெயிலுக்குப் போக ஆசைப்பட்ட கதை

செப்டம்பரில் இங்கிலாந்து வந்து குற்றவியல் எம்.எஸ்சி. சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. வீடு, பேங்க் அக்கவுண்ட், இ-விசா பற்றியெல்லாம் இந்த இழையில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் டிசர்டேஷன் (ஆய்வேடு) பற்றி மட்டும் சொல்கிறேன். படிப்பின் மொத்த 180 கிரெடிட்டில் பெரும்பாலும் 60 அதற்குத்தான். 'ஈஸ்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்' என்று விட்டவர்களில் நானும் ஒருவன்.

இங்குள்ள சிறைகளில் இருக்கும் தெற்காசியக் கைதிகளைப் பேட்டி எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. துறைத்தலைவர் கடிதமும் தெரிந்த ஜெயிலர் ஒருவரும் இருந்தால் போதும் என்கிற நம்ம ஊர் நினைப்பு. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "அனுமதி யாரிடம் வாங்குவாய்?" என்று மட்டும் கேட்டார். தேடிப் பார்த்தால், சிறை மற்றும் நன்னடத்தைத் துறையின் தேசிய ஆய்வுக் குழுவுக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும், பல்கலைக்கழக எத்திக்ஸ் (ஆய்வு நெறி) அனுமதி அதற்கு வேறு. ஒரு வருடப் படிப்பில் அது ஆகிற காரியமில்லை. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் போனது.

அதனால், என்ன பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன், மே மாதத்துக்குள் என்ன தரவு கைக்கு வரும் என்று பாருங்கள். போலீஸ் தளத்தில் தெருவாரியான குற்றப் பதிவுகள் மாதாமாதம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் போலீஸ் பதிவு செய்யும் குற்றக் கணக்குக்கு இருந்த, நம்பலாம் என்று காட்டும் 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியை 2014 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று படித்தால் அதிலேயே ஒரு தலைப்பு இருக்கிறது. தங்களுக்கு நடந்த குற்றங்களை மக்களிடமே கேட்டு எடுக்கும், 1982இல் தொடங்கிய குற்றச் சர்வே இருக்கிறது, ஆய்வுத் தரவுகளைச் சேர்த்து வைக்கும் யூ.கே. டேட்டா சர்வீஸில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி போலீஸிடமே கேட்கலாம், 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். ஒரே கேள்வியில் பத்து வருடக் கணக்கைக் கேட்காதீர்கள். தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் போலீஸ் மறுத்துவிடலாம்.

என் தலைப்பு கடைசியில் கல்லாவில் கிடைத்தது. வார இறுதியில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில் வேலை பார்த்தேன். அந்தக் குற்றச் சர்வே வீடுகளில் எடுப்பது, கடையில் நடக்கும் திருட்டு அதில் வராது. போலீஸ் கணக்கிலும் புகார் கொடுத்தால்தான் வரும். அண்ணன் புகார் கொடுப்பதே இல்லை. "பொலிசுக்கு ஃபோன் அடிச்சு என்ன பிரயோசனம் தம்பி? ஒரு நம்பர் தருவாங்கள். அந்த நம்பரை வைச்சு நான் என்ன செய்யிறது?" தமிழ்க் கடைக்காரர்கள் ஏன் புகார் கொடுப்பதில்லை? எட்டுப் பேர், எட்டுப் பேட்டி. அவ்வளவுதான் என் ஆய்வு. பார்க்கச் சின்னதாக இருந்தது, முடிக்க முடிந்தது.

சிக்கல், பேட்டி கொடுப்பவர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் வந்தது. "கையெழுத்தா? இது ஹோம் ஆபீசுக்குப் போகுமா?" விசா விஷயங்களைப் பார்க்கும் உள்துறை அது. முதல் இரண்டு பேர் பேனாவைத் தொடவே இல்லை. வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்கிறேன் என்று எத்திக்ஸ் விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பி, பதில் வர மூன்று வாரம். நம்ம ஆட்களிடம் பேசப் போகிறீர்கள் என்றால் இதை முதல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பெயரை மாற்றுவதும் போதாது. 'கிழக்கு லண்டனில் முருகன் கோயிலுக்குப் பக்கத்துக் கடை' என்று எழுதினால் யார் கடை என்று ஊருக்கே தெரியும்.

பேட்டியைத் தமிழில் எடுத்தேன். ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டெழுதி ஆங்கிலமாக்க எனக்கு முழுதாக இரண்டு நாள் ஆனது, அட்டவணையில் அதற்கும் இடம் விடுங்கள். ஆனால் அந்த வேலையில்தான் விஷயமே பிடிபட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்லேட்டோடு ஓடினால் "பெடியள் எடுக்கிறாங்கள்" என்கிறார்கள். பெரியவர்கள் என்றால் "களவெடுக்கிறாங்கள்". நான் இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகப் போட்டிருந்தேன். சூப்பர்வைசர் மூலச் சொற்களைக் கேட்டார். எதைக் களவு என்று எண்ணுகிறார்களோ அதைத்தான் போலீஸுக்குச் சொல்லலாமா என்று யோசிக்கவே செய்கிறார்கள். என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இதுதான்.

சூப்பர்வைசரை முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நான்கு மாதம் வாயில் வரவில்லை, 'டாக்டர்' போட்டுச் சமாளித்தேன். அவர் நம்ம ஊர் கைடு மாதிரி 'இதைச் செய்' என்று சொல்ல மாட்டார். எனக்குக் கிடைத்தவை மொத்தம் ஐந்து சந்திப்புகள். முதல் இரண்டுக்கு வெறுங்கையோடு போய்த் தலையாட்டிவிட்டு வந்தேன். மூன்றாவதற்கு இரண்டு பக்கம் முன்கூட்டியே அனுப்பினேன், அன்றைக்குத்தான் அவர் உண்மையிலேயே பேசினார்.

வேலை நேரம் பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். கோடையில் வகுப்பு இல்லையே, முழுநேரம் பார்க்கலாமா என்று. கூடாது. முதுகலையில் டிசர்டேஷன் எழுதும் கோடைக்காலம், விடுமுறைக் கணக்கில் வராது, மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். கடை முதலாளிக்கு இது தெரியாமல் இருக்கலாம், மாட்டினால் போகிற விசா உங்களுடையது.

இன்னொரு தம்பி புலிகள் பற்றி ஆய்வு செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த இயக்கம் இங்கே 2001இலிருந்து தடைப் பட்டியலில் இருக்கிறது. 2008இல் நாட்டிங்காமில் ஒரு முதுகலை மாணவர் ஆய்வுக்காக அல்-கொய்தா கையேட்டை இறக்கியதற்குக் கைதானார். பல நாள் காவலில் வைத்து, வழக்கே போடாமல் விட்டார்கள். 2011இல் போலீஸ் 20,000 பவுண்ட் கொடுத்துச் சமரசம் செய்தது. கல்விசார் ஆய்வு என்பது நியாயமான காரணம் என்று சட்டத்திலேயே இப்போது இருக்கிறது. என்றாலும் அதைக் காட்ட உங்களிடம் காகிதம் வேண்டும். பழைய வீடியோ, பிரசுரம் எதையும் தேடுவதற்கு முன் சூப்பர்வைசரிடம் சொல்லி, எத்திக்ஸ் விண்ணப்பத்தில் 'பாதுகாப்பு சார்ந்த ஆய்வு' என்று குறித்து அனுமதி வாங்குங்கள். பிறகும் வீட்டு லேப்டாப்பில் வேண்டாம், பல்கலைக்கழகம் காட்டும் சேமிப்பிடத்தில் மட்டும் வையுங்கள்.