பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்த குரூப்? பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) நினைத்தவர்களின் அனுபவங்கள்

காவிரிக்கரை:

பதினோராம் வகுப்புச் சேர்க்கை அன்று அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வியர்வை படக்கூடாது என்று முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தார். கணிதத்தில் எனக்கு 61. கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள முதல் குரூப் கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஆசிரியர், “இந்த மார்க்குக்கு முதல் குரூப் தாங்காது. வணிகவியல் எடு” என்றார். கட்டடம் வரைகிற படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். “அதற்குக் கணக்கு வேண்டும், அவ்வளவுதானே? வணிகக் கணிதம் இருக்கிறதே, அதுவும் கணக்குத்தான்.” அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டு வருடம் இருப்புநிலைக் குறிப்பும் புள்ளியியலும் படித்தேன். மதிப்பெண்ணும் நன்றாகத்தான் வந்தது. பிளஸ் டூ முடித்து, நேட்டா என்ற பி.ஆர்க் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தபோதுதான் தகுதி விதியை முதன்முதலாகப் படித்தேன். கணிதம் கட்டாயம், இயற்பியலும் கட்டாயம். வணிகக் கணிதம் அந்தக் கணிதத்தில் சேராது, இயற்பியலோ என் பட்டியலிலேயே இல்லை. கடைக்காரர், “கட்டணம் கட்டட்டுமாம்மா?” என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பு முடித்து, கணிதத்தோடு மூன்றாண்டு டிப்ளமா படித்தாலும் பி.ஆர்க் சேரலாம் என்று பிறகு தெரிந்தது. பாலிடெக்னிக்கில் முதலாண்டிலிருந்து தொடங்கினேன். வகுப்பில் எல்லாரும் என்னைவிட இரண்டு வயது இளையவர்கள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது கடைசி ஆண்டு. அந்த ஆசிரியர் மேல் இன்று கோபம் இல்லை. அவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

மகளின் அப்பா:

எங்கள் வீட்டில் நடந்தது வேறு கூத்து. மகள் தெளிவாகத்தான் இருந்தாள். குழப்பியவன் நான். ஒருவேளை மனம் மாறி டாக்டருக்குப் படிக்க நினைத்தால் என்ன செய்வது என்று உயிரியலோடு கணிதம் உள்ள குரூப்பில் சேர்த்துவிட்டேன். அவள் மனம் மாறவில்லை. இரண்டு வருடம் தாவரவியல் படங்களை மட்டும் ரசித்து வரைந்தாள். விதிப்படி அந்த குரூப்பில் தவறு ஒன்றும் இல்லை, இயற்பியலும் கணிதமும் அதில் இருக்கின்றன. ஆனால் நீட் வகுப்புக்கும் அனுப்பியது என் பேராசை. தமிழ்நாட்டு பி.ஆர்க் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண் 200, நேட்டா 200 என்று மொத்தம் 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள். வரைவதற்குக் கொடுத்திருக்க வேண்டிய மாலை நேரத்தையெல்லாம் நான் நீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். சேர்ந்துவிட்டாள், ஆனால் அவள் விரும்பிய கல்லூரியில் இல்லை.

வைகை வடகரை:

மதுரையில் பதினைந்து ஆண்டுகளாகக் கட்டடக்கலைஞராகத் தொழில் செய்கிறேன். கணிதத்தில் சுமாராக இருக்கும் பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பிளஸ் டூவில் படித்த தொகை நுண்கணிதத்தை அலுவலகத்தில் நான் ஒரு நாளும் தொட்டதில்லை. தினமும் கையில் இருப்பது பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் படி வரைந்தோம். தரையிலிருந்து மேல்தளம் 10 அடி. ஒரு படி 6 அங்குல உயரம் என்றால் 20 ஏற்றம். கால் வைக்கும் பலகை 19தான், ஏனென்றால் கடைசி ஏற்றம் மேல்தளத்திலேயே முடிந்துவிடுகிறது. பலகை 10 அங்குலம் என்றால் ஓட்டம் 190 அங்குலம், அதாவது 15 அடி 10 அங்குலம். பயிற்சிக்கு வந்திருந்த தம்பி 20 பலகை போட்டுவிட்டார். அந்தப் பத்து அங்குலம் நேராகப் பூஜை அறைக் கதவில் போய் இடித்தது.

இயற்பியல் அப்படியல்ல. முதலாண்டிலேயே விசை, திருப்புத்திறன், உத்தரம் எப்படி வளைகிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிளஸ் ஒன்னில் அதை மனப்பாடம் செய்து தப்பித்தவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். நான் மாட்டினேன், இரண்டு அரியர். வெயில் விஷயமும் இருக்கிறது. மதுரை பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருப்பதால், ஜூன் மாத உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கத்திலிருந்து விழுகிறது. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் தெற்கு ஜன்னலுக்கு மட்டும் சன்ஷேடு போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். சுவருக்கு நேர் எதிரே, 60 பாகை உயரத்தில் சூரியன் நிற்கிறது என்று வையுங்கள். 4 அடி ஜன்னல் முழுதும் நிழலில் இருக்க, 4-ஐ டான் 60-ஆல் வகுத்தால் சுமார் 2.3 அடி சன்ஷேடு வேண்டும். மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் தாழ்ந்து வரும்போது எந்த சன்ஷேடும் உதவாது, மரம்தான் வைக்க வேண்டும்.

அதனால் காவிரிக்கரை தங்கைக்கு ஒரு வார்த்தை: 61 எடுத்த உங்களுக்கு முதல் குரூப் தாங்காது என்றது அபத்தம்.

டி-ஸ்கொயர்:

நான் சிபிஎஸ்இ. எங்கள் பள்ளியில் விருப்பப் பாடமாக இன்ஜினியரிங் கிராபிக்ஸ் இருந்தது, வகுப்பில் ஏழு பேர்தான். முன்பு விதியில் வேதியியலும் கட்டாயமாக இருந்தது. அண்மை ஆண்டுகளின் நேட்டா கையேட்டில் இயற்பியல், கணிதத்தோடு மூன்றாவதாக வேதியியல், உயிரியல், கணினி அறிவியல், இன்ஜினியரிங் கிராபிக்ஸ், வணிகப் படிப்பு, தொழிற்பாடம் என ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலை எடுத்தால் பெரும்பாலும் வேதியியலும் கூடவே வந்துவிடுகிறது, ஆகையால் இந்தச் சலுகை எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பி.ஆர்க் வேண்டுமென்றால் நேட்டா உதவாது, ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். அதில் கணிதம் 100, நாட்டத் திறன் 200, வரைதல் 100. நேட்டாவில் 80 மதிப்பெண் கையால் செய்வது. அதில் 30 முப்பரிமாண அமைப்புக்கு. கிராபிக்ஸ் வகுப்பில் கனசதுரத்தை வெட்டி வெட்டி வரைந்த பழக்கம் எனக்கு அந்த 30-இல்தான் கைகொடுத்தது. படம் நன்றாக வரைவேன் என்ற தைரியத்தில் வந்த நண்பன், கையில் பொருளைக் கொடுத்ததும் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

காவிரிக்கரை:

வைகை அண்ணா, நன்றி. படிக்கட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நானும் முதலில் 20 பலகைதான் போட்டேன்.

இந்த வருடம் தம்பியின் சேர்க்கைக்கு நான்தான் கூடப் போனேன். நேட்டா விதி, கலந்தாய்வு விதி எல்லாவற்றையும் அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். அதே மேசை, வேறு ஆசிரியர். நான் பையைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டு, “வணிகவியல், சார்” என்றான். அவனுக்கு ஆடிட்டர் ஆக வேண்டுமாம். வெளியே வந்ததும் என் பழைய வணிகக் கணிதப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டான். பரண் மேல் இருக்கிறது, எடுத்துத் தர வேண்டும்.