தூண்மேல் ரயில் ஓடினால் கொழும்பு அசிங்கமாகிவிடுமா?

வெள்ளவத்தை_வாசி:
புறநகரான மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்குத் தூண்மேல் ஓடவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. அதை மறுபடி தொடங்கச் சொன்னால், தூண்மேல் ரயில் நகரத்தைக் கெடுத்துவிடும் என்கிறார்கள். பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் 1903 முதல் மெட்ரோ தெருவுக்கு மேலேதான் ஓடுகிறது. அந்த இரும்புப் பாலம் இல்லாத லா சப்பலை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?

கொட்டாஞ்சேனையான்:
அதையும் இதையும் ஒன்றாகப் போடாதீர்கள் அண்ணா. அங்கே தூண்களை வடிவமைத்தவர் ஃபோர்மிஜே என்ற கட்டடக் கலைஞர். நீளவாக்கில் வரி ஓடும் வார்ப்பிரும்புத் தூண்கள். இடையிடையே கல் தூண்கள், அவற்றில் பாரிஸ் நகரச் சின்னம் செதுக்கியிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்னச் செங்கல் வளைவுகள். இங்கே வரப்போவது வெறும் கொங்கிரீட்.

வெள்ளவத்தை_வாசி:
அழகுக்காகவா தம்பி மேலே ஏற்றினார்கள்? இரண்டு பெரிய ரயில் நிலையங்களின் தண்டவாளங்களும் ஒரு கால்வாயும் குறுக்கே கிடந்தன. தண்டவாளங்களைத் தாண்டும் இடத்தில் ஒரு தாங்கியிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 75 மீட்டர். தேவைக்குக் கட்டியதுதான் பிறகு மரபாயிற்று.

கொட்டாஞ்சேனையான்:
சரி, தேவைதான். ஆனாலும் பார்த்துப் பார்த்துக் கட்டினார்களே! ஏனோதானோ என்று கட்டியதை நூறு வருடம் கழித்து யார் பாதுகாப்பார்கள்?

பம்பலப்பிட்டி_வாசகி:
இரண்டு பேரும் தூணையே சுற்றி வருகிறீர்கள். தூணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். லா சப்பலுக்கு அடுத்த நிலையமான பார்பெஸ் பக்கம் புதனும் சனியும் பாலத்தின் அடியிலேயே சந்தை கூடுகிறது. மழை பெய்தாலும் வியாபாரம் நிற்காது. லா சப்பல் நிலையத்தில் இறங்கினால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கலாம். மாணிக்க விநாயகர் தேர் நாளில் அந்த வட்டாரமே தேங்காய் உடைக்கும் சத்தத்தில் அதிரும். 1903இல் கட்டியவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் ஆட்கள் நடக்கவும் நிற்கவும் கீழே இடம் விட்டார்கள். கொழும்பில் ஒரு மேம்பாலம் கட்டும்போது அடியில் நடப்பவரைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

வெள்ளவத்தை_வாசி:
அக்கா சொல்வது சரி. வரைபடத்திலேயே நிழல், நடைபாதை, கடைக்கு இடம் எல்லாம் கேட்க வேண்டும். அதற்காகத் திட்டமே வேண்டாம் என்பது நியாயமில்லை. கோட்டைக்குப் போக பஸ்ஸில் நசுங்கும் சனத்தையும் யோசியுங்கள்.

கொட்டாஞ்சேனையான்:
திட்டமே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கட்டடக் கலைஞர் ஒருவரைச் சேர்க்காமல் முதல் தூணை நடக்கூடாது. கீழே சந்தைக்கு இடம் காட்டாத வரைபடத்தை நான் கடைசிவரை எதிர்ப்பேன்.