முன்பள்ளி விடுகை விழாவை அந்தி வெளிச்சத்தில் படமெடுப்பது எப்படி?

கேள்வி: வட்டக்கச்சியிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் முன்பள்ளி விடுகை விழா டிசெம்பர் நடுப்பகுதியில், எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்கு முன்னால் உள்ள வெளியில் நடைபெறவிருக்கிறது. அழைப்பிதழில் மாலை 4 மணி என்று இருந்தாலும், விளக்கேற்றல், வரவேற்பு நடனம், விருந்தினர் உரைகள் எல்லாம் முடிந்து, பிள்ளைகள் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து சான்றிதழ் வாங்க மேடையேறும்போது ஆறு மணியாகிவிடும் என்றே எண்ணுகிறேன். சென்ற ஆண்டு அக்காவின் மகனுடைய விழாவும் அப்படித்தான் நடந்தது. அன்று கைபேசியில் எடுத்த படங்களில் சான்றிதழ் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. பிள்ளையின் முகம் மட்டும் ஆடிப் போயிருக்கிறது.

இம்முறை தம்பியின் கனன் 1300டி கமராவை வாங்கி வைத்திருக்கிறேன். அதனுடன் வந்த 18-55 லென்ஸ் மட்டுமே உண்டு. 2009 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டதால் என் சிறுவயதுப் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. மகளுக்கு அந்தக் குறை இருக்கக்கூடாது என்று விரும்புகிறேன். பிளாஷ் போட்டால் போதுமா, வேறு லென்ஸ் வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: வவுனியாவில் விழாக்களைப் படமெடுப்பவர்

தங்கச்சி, முதலில் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். டிசெம்பர் நடுப்பகுதியில் வன்னியில் சூரியன் ஏறத்தாழ 5.50க்கு மறைந்துவிடும், அதன் பிறகு வானத்தில் நிற்கும் வெளிச்சம் இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். மாரி முகில் மூடியிருந்தால் அதுவும் குறையும். ஆகவே 5.30க்குப் பொருத்திய அமைப்பு 6 மணிக்கு உதவாது என்பதை மனதில் வைத்து, ஐஎஸ்ஓவை (கமரா வெளிச்சத்தை உணரும் அளவை) இடையிடையே கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

படம் ஆடுவதற்குக் காரணம் ஷட்டர் வேகம் குறைவது, அதாவது கமராவின் கதவு நீண்ட நேரம் திறந்திருப்பது. பிள்ளை நடந்து வரும்போது 1/250 செக்கனும், சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது குறைந்தது 1/100 செக்கனும் வேண்டும். உங்கள் லென்ஸை 55 வரை இழுத்தால் அதன் துவாரம் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்), 18இல் வைத்தால் எஃப் 3.5 கிடைக்கும், அதாவது இரண்டரை மடங்கு வெளிச்சம். எனவே பின்வரிசையில் இருந்து இழுத்து எடுப்பதை விட, மேடைக்கு அருகே பக்கவாட்டில் ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

யாரிடமாவது 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை இரவல் வாங்க முடிந்தால் தயங்காமல் வாங்குங்கள். எஃப் 5.6ஐ விட அது ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால், 1/30 செக்கனில் ஆடிப்போகும் படத்தை 1/250 செக்கனில் எடுக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 10 அடி தூரத்தில் எஃப் 1.8இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண் அளவே. மகளும் சான்றிதழ் கொடுப்பவரும் ஒரே படத்தில் தெளிவாக வர வேண்டுமானால் எஃப் 2.8க்கு வாருங்கள், கமராவில் தெளிவைப் பிடிக்கும் (ஃபோகஸ்) நடுப்புள்ளியை மகளின் கண்ணில் வையுங்கள்.

ஐஎஸ்ஓ 3200க்கு அஞ்ச வேண்டாம். அதனால் புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைப் பின்னர் ஓரளவு திருத்தலாம், அச்சில் அது அவ்வளவாகத் தெரியவும் மாட்டாது. ஆடிய முகத்தை எவராலும் திருத்த முடியாது. கறுப்பு அங்கி படத்தை நிறைக்கும்போது கமரா இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளிறிவிடும். அப்போது வெளிச்ச அளவை ஒரு படி, அதாவது பாதியாக, குறையுங்கள். றோ (RAW) வடிவில், அதாவது கமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பாக எடுத்தால் நிறத்தையும் பிறகு சரிசெய்யலாம்.

பதில்: மல்லாவியிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை

மேலே அண்ணா சொன்னவற்றோடு, ஆசிரியர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பெற்றோர் குழுவின் ஊடாக ஆசிரியையிடம் பேசி, சான்றிதழ் வழங்குவதை உரைகளுக்கு முன் வைக்க முடியுமா என்று கேளுங்கள். நாங்கள் அப்படி மாற்றியதில் படங்கள் தெளிவாக வந்ததோடு, பிள்ளைகளும் பசியும் நித்திரையும் வருவதற்கு முன் மேடையேறினார்கள். நிகழ்ச்சி நிரலை மாற்ற இயலாது போனால், 4 மணிக்கு முன்பே அங்கியும் தொப்பியும் அணிவித்து, மண்டபத்தின் நிழல் விழும் பக்கத்தில் மகளைத் தனியாக நிறுத்தி எடுத்துவிடுங்கள். மட்டையில் செய்த அந்தத் தொப்பி நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைக்கும்; பின்பக்கம் முடியோடு சேர்த்து ஓர் ஊசி குத்திவிட்டு, நீங்களும் முழங்காலில் இருந்து அவள் கண்மட்டத்தில் கமராவைப் பிடித்தால் முகம் முழுவதும் தெரியும்.

இன்னொரு வேண்டுகோள். மற்றப் பிள்ளைகள் தெரியும் படங்களை அவர்களுடைய பெற்றோரைக் கேட்காமல் முகநூலில் இட வேண்டாம்.

மீண்டும்: வட்டக்கச்சியிலிருந்து ஒரு தாய்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உறவினர் ஒருவரிடம் 50 எம்எம் லென்ஸ் இருக்கிறது, தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்று போய் இடத்தைப் பார்த்தேன். மேடை மேற்குப் பக்கத்தில் அமைகிறது. பிள்ளைகள் கிழக்கு நோக்கி நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் வெறும் வயலும் வானமும்தான். இது நல்லதா?

பதில்: வவுனியாவில் விழாக்களைப் படமெடுப்பவர்

கண்ணுக்கு அழகாக இருக்கும், கமராவுக்குக் கடினம். அந்த மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் இறங்காமல் தென்மேற்கில் இறங்கும்; ஆகவே நீங்கள் மேடையின் தென்பக்க மூலையில் நின்று வடமேற்காகப் பார்த்து எடுத்தால், வானத்தின் மிகப் பிரகாசமான பகுதி படத்துக்குள் வராது. அதற்கு மேலும் முகம் இருண்டால் முன்பு சொன்னதற்கு மாறாக வெளிச்ச அளவைக் கூட்ட வேண்டும்.

மேடைக்கு மேலே ரியூப் லைற் மட்டும் கட்டினால் தொப்பியின் நிழல் முகத்தில் விழும். பார்வையாளர் பக்கத்தில், இரு மூலைகளிலும் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு எல்இடி லைற்றை மேடையை நோக்கிச் சரித்துக் கட்டச் சொல்லுங்கள். மலிவான எல்இடி சில நம் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். படத்தில் கோடு கோடாக விழுந்தால் ஷட்டரை 1/100 செக்கனுக்கு இறக்குங்கள், மறைந்துவிடும். கமராவிலுள்ள பிளாஷை நேரே அடித்தால் முகம் வெளிறிப் பின்னணி கறுத்துவிடும் என்பதால், அதை ஒரு படி குறைத்து, வேறு வழியில்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள். தனிப்படம் எடுக்கும்போது அலங்காரத்துக்கு வாங்கிய வெள்ளை றெஜிபோம் மட்டை ஒன்றை மகளின் மார்பளவில் ஒருவர் சரித்துப் பிடித்தால், தொப்பிக்குக் கீழே இருக்கும் இருட்டு அகன்றுவிடும். முதல் நாள் மாலை 5.45க்கு மகளை அதே இடத்தில் நிறுத்தி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பற்றரியையும் அன்றிரவே சார்ஜில் போட்டுவிடுங்கள்.