ஊட்டி உறைபனியில் மேப்பிள் சாறு இறங்குமா?

கேள்வி: தலைக்குந்தா தோட்டம்
வீட்டுத் தோட்டத்தில் மேப்பிள் மரம் ஒன்று இருக்கிறது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 95 செ.மீ. ஜனவரியில் புல்வெளி முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. கனடாவில் இரவில் உறைந்து பகலில் இளகும்போதுதானே சாறு எடுக்கிறார்கள்? இங்கே எடுக்க முடியாதா? எப்போது, எவ்வளவு ஆழத்தில் துளை போட வேண்டும்?

பதில் 1: குன்னூர் மரப்பித்தர்
முதலில் அது மேப்பிள்தானா என்று பாருங்கள். இலைகள் கிளையில் எதிரெதிரே ஜோடியாக இருந்தால்தான் மேப்பிள். மாறி மாறி இருந்தால் பிளேன் மரமாகவோ லிக்விடாம்பராகவோ இருக்கும். இரண்டின் இலையும் ஆளை ஏமாற்றும்.

அடுத்தது பனி. நம் உறைபனி தரையோடு நிற்பது. புல்லும் தேயிலைக் கொழுந்தும் கருகும், ஆனால் நாலடி உயரத்தில் மரத்தின் உள்கட்டை உறையாது. மேப்பிள் சாறு இறங்க அந்த உறைதல்தான் உயிர்நாடி. கட்டையின் நார்ச் செல்களுக்குள் காற்று அடைந்திருக்கிறது. கட்டை உறையும்போது அந்தக் காற்று சுருங்கி வேரிலிருந்து நீரை இழுக்கும். இளகும்போது அந்த அழுத்தம் சாறைத் துளை வழியே தள்ளும். இதற்கு இரவில் மைனஸ் 4, பகலில் 4 முதல் 7 டிகிரி என்று பல வாரம் மாறி மாறி வர வேண்டும். கனடாவின் கியூபெக்கில் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை அப்படி. ஊட்டியில் ஜனவரிப் பகலே 20 டிகிரி. துளை போட வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் 2: கோத்தகிரி தச்சுப்பட்டறை
ஒரே ஒரு துளையால் மரம் செத்துவிடாது, ஆனால் ஒழுங்காகப் போட வேண்டும். உங்கள் மரத்தின் குறுக்களவு 30 செ.மீ. வருவதால் ஒன்றுக்கு மேல் கூடாது. 8 மி.மீ. கூர்மையான டிரில் பிட், இடுப்பு உயரம், ஆழம் 4 முதல் 5 செ.மீ., சாறு வெளியே வடிய உள்பக்கம் லேசாக மேல்நோக்கிய சரிவு. பிட்டோடு வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெளிர் மஞ்சளாக இருந்தால் உயிருள்ள கட்டை, பழுப்பாக இருந்தால் செத்த கட்டை, சாறு வராது.

சாறு வடியும் குழாயைத் துளையில் செருகிச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். சத்தம் கனமானதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் அடித்தால் பட்டை நெடுக்காக வெடித்து, சாறு குழாய்க்கு வெளியே ஒழுகும். எடுத்து முடித்ததும் குழாயைப் பிடுங்கிவிடுங்கள். துளையில் பெயின்ட், தார், மெழுகு எதுவும் அடைக்காதீர்கள், மரமே மூடிக்கொள்ளும். மொட்டு விரிந்த பிறகு எடுக்கும் சாறில் பாகு காய்ச்சினால் வாடை அடிக்கும்.

தலைக்குந்தா தோட்டம்: இலை ஜோடியாகத்தான் சார். கொஞ்சம் கிடைத்தாலும் காய்ச்சிப் பார்க்க ஆசை.

பதில் 3: கொடைக்கானல் பாகு அடுப்பு
சாறின் சர்க்கரை சதவீதத்தால் 86-ஐ வகுங்கள். 2 சதவீதம் என்றால் 1 லிட்டர் பாகுக்கு 43 லிட்டர் சாறு. கனடாவிலேயே ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் சுமார் 40 லிட்டர்தான்.

புத்தகத்தில் பாகு 104 டிகிரியில் தயார் என்று இருப்பதை நம்பிக் காய்ச்சாதீர்கள். அது கடல்மட்டத்துக் கணக்கு. ஊட்டி உயரத்தில் தண்ணீரே ஏறத்தாழ 92.5 டிகிரியில் கொதித்துவிடும். அதற்கு மேல் 4 டிகிரி, அதாவது 96.5-ல் பாகு தயார். 104 வரை விட்டால் ஆறியதும் பசையாக இறுகிவிடும். காய்ச்சுகிற அன்றே வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து தெர்மாமீட்டரைச் சரிபாருங்கள். அடியில் மணல் போலப் படிவது தாது உப்பு. சூடாக இருக்கும்போதே கம்பளித் துணியில் வடிகட்டினால் போய்விடும்.

மலையில் விளைகிற பாகுதான் வேண்டுமென்றால் அடிவாரத்துக் கூந்தல்பனையைப் பாருங்கள். அதில் துளை போடுவதில்லை, பாளையைச் சீவி எடுப்பது. அதற்கு உறைபனியும் தேவையில்லை.