சங்கத்துல பொருளாளர் ஆகணும்னா முன் அனுமதி வேணுமா?

லாஸ்பேட்டை_கெமிஸ்ட்:
புதுச்சேரி அரசு லேப்ல கெமிஸ்டா இருக்கேன், தண்ணி சாம்பிள் டெஸ்ட்தான் வேலை. எங்க தொழில்காரங்க சேர்ந்து ஒரு சங்கம் நடத்துறாங்க, ரிஜிஸ்டர் ஆனது. இந்த வாட்டி எலெக்‌ஷன்ல என்னைப் பொருளாளருக்கு நிக்கச் சொல்றாங்க. சம்பளம் இல்ல, கூட்டமெல்லாம் ஞாயித்துக்கிழமை. இதுபோக கடலூர்ல ஒரு தனியார் காலேஜ், சனிக்கிழமை வந்து கிளாஸ் எடுங்க, கவர் குடுத்துடுறோம்னு கூப்பிடுது. ஆபீஸ்ல கேட்டா, "சும்மா செய்யிற வேலைக்கு எதுக்கும்மா பர்மிஷன், ஃபைல் போட்டாத்தான் வம்பு"ங்கிறாங்க. நிஜமா?

முள்ளோடை_மச்சான்:
கவரை வீட்டுக்காரர் பேர்ல வாங்கிக்குங்க மேடம். யார் பார்க்கப் போறா?

வில்லியனூர்_பழைய_சூப்பிரண்ட்:
மச்சான் பேச்சைக் கேட்டா மெமோதாம்மா வரும்.

நமக்கு 1964-ஆம் வருஷத்து சென்ட்ரல் சிவில் சர்வீஸ் நடத்தை விதிகள்தான். அதுல 15-ஆம் விதியை எடுத்துப் பாருங்க. சம்பளம் இல்லாத சமூக சேவை, எப்பவாவது செய்யிற இலக்கிய, அறிவியல் வேலை, இதுக்கெல்லாம் முன் அனுமதி வேணாம். பதிவான அறிவியல் சங்கத்தோட நிர்வாகத்துல கூட இருக்கலாம், ஒரு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்துட்டா போதும். ஆனா தேர்தல்ல நின்னு வர்ற பதவின்னா கதை வேற. நிக்கிறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். காசு வருதா இல்லையாங்கிறது அங்க கேள்வியே இல்ல. உங்க ஆபீஸ்காரங்க கோட்டை விடுறது இதைத்தான்.

காலேஜ் கவருக்கும் அனுமதி வேணும். ஃபீஸ் ஒரு வரம்பைத் தாண்டினா பொதுவா மூணுல ஒரு பங்கை அரசாங்கத்துக்குக் கட்டணும். வாரா வாரம் போனா அதை "எப்பவாவது"ன்னு எவனும் ஒத்துக்க மாட்டான்.

ஒண்ணு கேக்கணும். சங்கத்துக்குக் காசு எங்கிருந்து வருது?

லாஸ்பேட்டை_கெமிஸ்ட்:
சந்தா கொஞ்சம் சார். மீதி மாநாட்டு மலர் விளம்பரம்தான். இங்க புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு கம்பெனிங்க முழுப்பக்கம் குடுப்பாங்க. செக் பொருளாளர் பேருக்குத்தான் வரும்.

வில்லியனூர்_பழைய_சூப்பிரண்ட்:
அந்தக் கம்பெனி சாம்பிள் உங்க டேபிளுக்கு வருமா?

லாஸ்பேட்டை_கெமிஸ்ட்:
வரும் சார். கழிவுநீர் ரிப்போர்ட்ல என் கையெழுத்துதான்.

வில்லியனூர்_பழைய_சூப்பிரண்ட்:
அப்ப பொருளாளர் வேணாம்மா. நிதி திரட்டுறதுக்கே 12-ஆம் விதி தனியா முன் அனுமதி கேக்குது. அதை விடுங்க. நாளைக்கு ஒரு சாம்பிள் நியாயமாவே பாஸ் ஆனாக்கூட, "மலருக்கு முழுப்பக்கம் குடுத்தவன்தானே"ன்னு மொட்டைப் பெட்டிஷன் போகும். ரிப்போர்ட் சரியா இருந்தும் நீங்க உக்காந்து விளக்கம் எழுதணும்.

தேர்தல் இல்லாம, மலர் குழுவுல ஆய்வுக் கட்டுரை திருத்துற வேலையைக் கேட்டு வாங்குங்க. விளம்பரம் பக்கமே தலை வெக்காதீங்க. அதையும் எழுதியே குடுத்துடுங்க.

கடலூர்_பொதுப்பணி:
நாங்க 1973-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விதிகள்ல வர்றோம், அதனால எங்க ஆர்டர் காப்பியை வாங்கி மாதிரியா வெக்காதீங்க மேடம். முள்ளோடை எல்லையைத் தாண்டினா விதிப் புத்தகமே வேற.

லாஸ்பேட்டை_கெமிஸ்ட்:
பொருளாளர் வேணாம்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன், கொஞ்சம் முகம் வாடிடுச்சு. காலேஜுக்கு மட்டும் அப்ளிகேஷன் போடுறேன். என்னென்ன வெக்கணும் சார்?

வில்லியனூர்_பழைய_சூப்பிரண்ட்:
காலேஜ் அழைப்புக் கடிதம், என்னைக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு ஃபீஸ், ஆபீஸ் நேரத்துக்கு வெளியிலன்னு ஒரு வரி. காலேஜ் போர்வெல் தண்ணி உங்க லேபுக்கு வருதான்னு பார்த்து அதையும் எழுதுங்க. உங்க மேலதிகாரி வழியாவே போகட்டும். வாயால "போயிட்டு வாம்மா"ன்னு சொன்னா கிளம்பிடாதீங்க, ஆர்டர் கைக்கு வரட்டும்.