கெயினை உச்சத்தில் வைக்கலாமா? கோவைப் பக்கம் 1090 ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு

பல்லடம்_மாடி:
அவினாசித் தம்பி ஒருத்தர் விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் செய்திகளைப் பிடித்துப் பார்க்க டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) வாங்கி மாடியில் ஆன்டெனா கட்டிவிட்டு, கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டிருந்தார். நேராகச் சொல்கிறேன், 49.6 டெசிபல் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு). டாங்கிளுக்குள் அலைவரிசையைப் பிடிக்கும் ஆர்820டி2 டியூனர் சிப்பில் அதுதான் உச்சம், வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். 35,000 அடியில் போகிற விமானம் 400 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் ரேடியோ பார்வைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து வரும் சிக்னல் இரைச்சலை உரசிக்கொண்டுதான் வரும். கெயினைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது அதுதான். மன்னார் வளைகுடா மேல் போகிறவை எல்லாம் என் மாடியில் தெரிகின்றன, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிங்காநல்லூர்_1090:
அண்ணா, பல்லடத்தில் அது ஓடலாம். பீளமேடு விமான நிலைய ஓடுதளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு ஓடாதுங்க. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சிக்னல் 6 டெசிபல் விழும். 5 கிலோமீட்டரில் இறங்குகிற விமானத்துக்கும் 320 கிலோமீட்டரில் போகிறதற்கும் நடுவே ஆறு இரட்டிப்பு, ஆக 36 டெசிபல். டிரான்ஸ்பாண்டர் (விமானத்திலிருந்து செய்தியை அனுப்பும் கருவி) சக்தியும் 125 வாட்டிலிருந்து 500 வாட் வரை விமானத்துக்கு விமானம் மாறும், அது இன்னொரு 6. மொத்தம் 42. நம் டாங்கிள் எட்டு பிட்டில் அளக்கிறது, ஏட்டுக் கணக்கில் மிகச் சின்ன சிக்னலுக்கும் மிகப் பெரியதுக்கும் நடுவே 48 டெசிபல் இடம். செய்தியைப் பிழையில்லாமல் பிரிக்க இரைச்சலுக்கு மேல் 10 டெசிபலாவது வேண்டும் என்று வைத்தால் மிச்சம் 38தான். இரண்டு முனையும் ஒன்றாக உள்ளே அடங்காது. கெயினை உச்சத்தில் வைத்தால் பக்கத்து விமானத்தின் சிக்னல் அளவின் உச்சத்தில் முட்டி அதன் செய்தி போய்விடும், குறைத்தால் தூரத்து விமானம் போய்விடும், ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும்.

எதை விடுவது? உயரத்தில் போகிற விமானத்தை பெங்களூரில் இருக்கிறவர் பார்ப்பார், மதுரையில் இருக்கிறவரும் பார்ப்பார். ஆயிரம் அடிக்கு இறங்கிவிட்ட விமானமோ எந்தத் தடையும் இல்லாவிட்டால்கூட தரை மட்டத்தில் இருந்து பார்க்கிற யாருக்கும் 70 கிலோமீட்டருக்கு மேல் தெரியாது. கட்டடம், மரம் எல்லாம் சேர்த்தால் இன்னும் குறைவு. அதை நாம் பிடிக்காவிட்டால் வேறு யாரும் பிடிக்கப் போவதில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

பல்லடம்_மாடி:
அடங்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து சிக்னல் உச்சத்தில் முட்டினால் செய்தியே போய்விடும் என்று சொல்வது சரியில்லைங்க. இது குரல் இல்லை, இருக்கு-இல்லை என்று வருகிற துடிப்பு. ஒவ்வொரு பிட்டிலும் துடிப்பு முதல் பாதியில் வந்ததா இரண்டாம் பாதியில் வந்ததா என்பதுதான் கேள்வி. தலை வெட்டுப்பட்டால்கூட இருக்கிற பக்கம் இருக்கத்தானே செய்யும்?

சிங்காநல்லூர்_1090:
எதிரொலி இல்லாத இடமாக இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். இங்கே சுற்றிலும் மில் ஷெட், தகரக் கூரை, அடுக்குமாடி. துடிப்பின் அகலம் அரை மைக்ரோ நொடி, அந்த நேரத்தில் அலை 150 மீட்டர் போகும். கூரையில் பட்டு 150 மீட்டர் சுற்றி வருகிற எதிரொலி, அடுத்த பாதியில், காலியாக இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்காரும். கெயின் அளவாக இருந்தால் அது நிஜத் துடிப்பைவிடச் சின்னதாகத் தெரியும், நிரல் அதை ஒதுக்கிவிடும். உச்சத்தில் வைத்தால் நிஜமும் எதிரொலியும் ஒரே உயரத்தில் வெட்டுப்படும், எது எது என்று எப்படிப் பிரிக்கும்? டாங்கிள் சிக்னலை அளக்கிற வேகத்தில் ஒரு துடிப்புக்கு ஒரு அளவீட்டுக்குச் சற்று அதிகம்தான் கிடைக்கிறது, அப்புறம் சரிபார்ப்பு பிட்டுகளில் தோற்றுச் செய்தி குப்பைக்குப் போகும்.

அவினாசி_புதுசு:
அண்ணா, தானியங்கி கெயின் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் தானே பார்த்துக்கொள்ளாதா?

சிங்காநல்லூர்_1090:
டாங்கிளுக்குள் இருக்கிறதைச் சொன்னால், வேண்டாம் தம்பி. ஒரு நீளச் செய்தி முழுசும் 120 மைக்ரோ நொடி. அது உணர்ந்து குறைப்பதற்குள் செய்தி தாண்டிப் போயிருக்கும். நடுவில் பெரும்பாலான நேரம் அலைவரிசை சும்மா கிடப்பதால் அது மேலேயே ஏறி நிற்கும். இந்தச் செய்திகளைப் பிரித்தெடுக்கும் நிரலான ரீட்எஸ்பியில் இப்போது வருகிற தானியங்கி வேறு, அது வந்த செய்திகளின் பலத்தை நிதானமாகப் பார்த்து மாற்றுகிறது. அதை நம்பலாம்.

ஆனைமலை_அடிவாரம்:
இரண்டு பேரும் டாங்கிளையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் செல்போன் டவர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. 935-லிருந்து 960 மெகாஹெர்ட்ஸ் வரை அது ராத்திரி பகல் கத்திக்கொண்டே இருக்கிறது, நமக்கு வேண்டியது 1090. கெயின் ஏற ஏற டியூனர் அந்தச் சத்தத்திலேயே திணறிவிடும். கெயினைக் குறைத்ததும் தூரத்து விமானம் அதிகமாகத் தெரிந்தால் காரணம் இதுதான், பலர் இதை நம்புவதே இல்லை.

டிஷ் கேபிள் 15 மீட்டர் ஓடினாலே 3 டெசிபல் போச்சு, அதாவது பாதி சக்தி. ஆன்டெனா அடியிலேயே, மற்ற அலைவரிசைகளைத் தடுக்கும் ஃபில்டரோடு ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வைத்தால் இரைச்சலைத் தீர்மானிப்பது அந்த முதல் கட்டம்தான், அப்புறம் டாங்கிளில் 10, 15 டெசிபல் குறைத்தாலும் தூரம் பெரிதாகப் போகாது. ப்ரீஆம்பையும் போட்டு 49.6-லும் வைப்பதுதான் மோசம்.

இன்னொன்று, நீலகிரி. கோவையிலிருந்து தொட்டபெட்டா பக்கம் பார்த்தால் 200 கிலோமீட்டருக்கு அப்பால் 35,000 அடி விமானமே மலைக்குப் பின்னால் போய்விடும். எவ்வளவு தூரம் தெரிகிறது என்று காட்டும் படம் அந்தத் திசையில் குட்டையாக இருக்கிறதே என்று கெயினை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய்தான் நமக்குத் திறந்த வாசல்.

பல்லடம்_மாடி:
ப்ரீஆம்ப் வாங்குவதற்கு முன்னால் அவர் இருக்கிற டாங்கிளை என்ன செய்வது? அவினாசியிலிருந்து பீளமேடு அவ்வளவு பக்கம் இல்லை. என்னைக் கேட்டால் உச்சத்திலிருந்து தொடங்கட்டும், கெட்டால் இறக்கட்டும்.

சிங்காநல்லூர்_1090:
தொடங்குகிற இடத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. எதைப் பார்த்துக் கெட்டது என்று முடிவு செய்கிறோம் என்பதில்தான். நீங்கள் அதிகபட்ச தூரத்தைப் பார்க்கிறீர்கள், அது ஒரே ஒரு விமானத்தால் நிற்கிற எண். தம்பி, டாங்கிள் அளக்கக்கூடிய உச்சத்துக்கு 3 டெசிபலுக்குள் வருகிற செய்திகள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், 5-க்கு மேல் போனால் ஒரு படி இறக்குங்கள். நேற்று ஒரு அளவு, இன்று ஒரு அளவு என்று ஒப்பிடாதீர்கள், வானத்தில் விமானமே வேறாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குள் பத்துப் பத்து நிமிடமாக 49.6, 44.5, 40.2, 36.4 என்று மாற்றி, திரும்பவும் அதே வரிசையில் ஓட்டுங்கள். கோவையில் இறங்குகிற விமானம் தரையைத் தொடும் வரை கோடு அறுபடாமல் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பல்லடம்_மாடி:
சரி, அந்தச் சோதனையை நானும் ஓட்டுகிறேன். ஆனால் இங்கிருந்து ஓடுதளம் தரை வரை தெரியவே தெரியாது, அதனால் தூரத்து விமானங்களின் மொத்தச் செய்தி எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வேன். அது குறையாமல் 44.5-க்கு இறங்க முடிந்தால் இறங்குகிறேன். குறைந்தால் 49.6-லேயே இருப்பேன், அதில் மாற்றமில்லை.